ஆன்லைன் கவுன்சலிங்: கதவு யார் கையில?

நிறைய பேர் கேட்ட கேள்வியோட ஆரம்பிக்கிறேன்: ஆன்லைன் கவுன்சலிங் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். மனச்சோர்வு, பதற்றம் ரெண்டுக்கும், ஒரு நிபுணர் கூடவே இருந்து வழிநடத்துற இணையவழி சிபிடி சிகிச்சை, நேர்ல எடுத்துக்கிற சிகிச்சைக்கு ஏறக்குறைய சமமான பலன் தருதுன்னு ஸ்வீடன் உட்பட பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கு. ஆளே இல்லாம வெறும் ஆப் மட்டும்னா பலன் குறையுது; பாதியில விட்டுடறவங்களும் அதிகம்.

ஆனா சிக்கல் வேற இடத்துல இருக்கு. என் கதையையே சொல்றேன்.

எங்க வீட்ல ஒரே ஒரு பெட்ரூம். முதல் செஷன்ல கவுன்சலர், "இப்போ எங்க இருக்கீங்க? முகவரி சொல்லுங்க. அவசரம்னா யாரைக் கூப்பிடணும்?"னு கேட்டாங்க. எனக்கு எரிச்சல். அப்புறம் கேட்ட எல்லாத்துக்கும் "ஓகே மேம், நல்லாத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டிருந்தேன். திடீர்னு சாட்ல ஒரு வரி வந்தது: "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

இருந்தாங்க. அம்மா, காய் நறுக்கிட்டு.

அடுத்த வாரம் மொட்டை மாடிக்குப் போனேன். செத்துடலாம்னு தோணுதுன்னு அன்னிக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அந்த முகவரிக் கேள்வி ஏன்னு அப்போதான் புரிஞ்சது. திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களால ஓடி வந்து கையைப் பிடிக்க முடியாது. யாரையாவது அனுப்பத்தான் முடியும்.

நாம பேசுறதை ரகசியமா வெச்சுக்கிறது நம்ம உரிமைன்னு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுது. உயிருக்கு ஆபத்து மாதிரி சில சூழ்நிலைகள்ல, தேவையான அளவு தகவலை வெளியே சொல்லலாம். இதை முதல் நாளே தெளிவா சொல்றவங்கதான் நல்ல கவுன்சலர்.

ஆப் விஷயத்துலயும் கவனம் வேணும். பயனர்களோட தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் மாதிரி நிறுவனங்களுக்குக் கொடுத்ததா 2023-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் பெட்டர்ஹெல்ப் மேல குற்றம் சாட்டுச்சு. அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேளுங்க: உங்க படிப்பு என்ன? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ பதிவு எண் என்ன? செஷனைப் பதிவு பண்ணுவீங்களா? கேட்டா கோபப்படுறவங்க நமக்கு வேண்டாம்.

இப்பவே யார்கிட்டயாவது பேசணும்னா, டெலி மானஸ், 14416. அரசு சேவை, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம்.

மாடிக்குப் போய்க் கூப்பிடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.