இரும்புக் கல்லில் சுட்ட ஓட்கேக்

ஓட்ஸ் மாவு, உப்பு, சிறிது கொழுப்பு, வெந்நீர். இந்த நான்கையும் பிசைந்து, மெல்லிய வட்டமாகத் தேய்த்து, சூடான கல்லில் சுட்டு, ஈரம் போக உலர்த்தினால் ஓட்கேக் கிடைக்கும். கடித்தால் நொறுங்கும் இந்தத் தட்டை ரொட்டியில் இனிப்பு கிடையாது. வறுத்த தானியத்தின் மணமும் லேசான உப்புச் சுவையும்தான் இதன் அடையாளம். பல நூற்றாண்டுகள் ஸ்காட்லாந்தின் ஏழை எளிய மக்களுக்கு இதுவே அன்றாட ரொட்டியாக இருந்தது. வட இங்கிலாந்தும் வேல்ஸும் தமக்கென்று வேறு வகைகளை வளர்த்துக்கொண்டன. பாக்கெட்டில் அடைத்த ஓட்கேக் இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஆனாலும் வீட்டில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் சாப்பிடும் ஓட்கேக்கின் மணம் அதில் வருவதில்லை.

குளிர்நிலத்தின் தானியம்

கோதுமை நன்றாக முற்றுவதற்கு வெயில் வேண்டும். அறுவடை நேரத்தில் மழை இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் மேற்குக் கரையிலும் இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. கோடை குறுகியது, மழை அதிகம், மண் பல இடங்களில் புளிப்பானது. அங்கே நம்பி விதைக்கக்கூடிய தானியங்களாக ஓட்ஸும் பார்லியுமே இருந்தன. பண்ணையாட்களின் கூலியில் ஒரு பகுதி ஓட்ஸ் மாவாகவே அளக்கப்பட்டது. வெளியூரில் தங்கிப் படித்த பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டிலிருந்து ஓட்ஸ் மூட்டையுடன் வந்தார்கள். மூட்டை தீர்ந்ததும் ஊருக்குப் போய் நிரப்பிக்கொண்டு திரும்புவதற்கென்றே கல்விப் பருவத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை விடுமுறை விடப்பட்டது.

போர்க்களத்திலும் இந்த ரொட்டிக்கு இடம் இருந்தது. 1327-இல் ஸ்காட்லாந்துப் படை வட இங்கிலாந்துக்குள் புகுந்ததைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மொழி வரலாற்றாசிரியர் ழான் ஃப்ருவாசார், அந்தக் குதிரை வீரர்களின் சமையலையும் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு வீரனும் சேணத்தோடு ஓர் இரும்புத் தகட்டையும் பின்புறம் ஒரு சிறு பை ஓட்ஸ் மாவையும் கட்டியிருந்தான். தங்கும் இடத்தில் தீ மூட்டித் தகட்டைச் சூடாக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்த மாவை அதில் ஊற்றிச் சுட்டுக்கொள்வான். ரொட்டி சுடும் அடுப்போ சமையல்காரர்களோ இல்லாமல் அந்தப் படை வேகமாக நகர முடிந்தது இதனால்தான்.

வீடுகளில் இதற்குப் பயன்பட்டது கிர்டில் எனப்படும் வட்டமான, கனத்த இரும்புக் கல். மேலே வளைந்த கைப்பிடி இருக்கும். அடுப்புக்கு மேல் சங்கிலியில் தொங்கவிடுவார்கள். ஃபைஃப் பகுதியிலுள்ள கல்ரொஸ் என்ற சிற்றூர் இந்தக் கல்லைச் செய்வதில் பெயர் பெற்றிருந்தது. அவ்வூர்க் கொல்லர்களுக்கு மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1599-இல் இதற்கான தனியுரிமையே வழங்கினார்.

சடங்குகளிலும் ஓட்கேக் இடம்பெற்றது. மே முதல் நாளில் கொண்டாடப்பட்ட பெல்டேன் விழாவுக்காக ஒன்பது குமிழ்கள் வைத்த ஓட்கேக் சுடப்பட்டதை, 1769-இல் ஸ்காட்லாந்தைச் சுற்றிப் பார்த்த தாமஸ் பென்னன்ட் எழுதியிருக்கிறார். மக்கள் நெருப்பைப் பார்த்து நின்று ஒவ்வொரு குமிழாக முறித்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தார்கள். ஆடு மாடுகளையும் குதிரைகளையும் காக்கும்படி ஒரு துண்டு. அவற்றைத் தின்னும் நரிக்கும் கழுகுக்கும், விட்டுவிடச் சொல்லி, இன்னொரு துண்டு.

இழுவை இல்லாத மாவு

கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னி மாவுக்கு இழுவை தருகிறது. ஓட்ஸில் அந்த வலை உருவாவதில்லை. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு ஈர மணலாகவே நிற்கும், தேய்த்தால் பிளக்கும். ஓட்கேக் செய்முறையில் உள்ள ஒவ்வொரு கட்டமும் இந்தக் குறையை ஈடுகட்டக் கண்டுபிடித்ததுதான்.

முதலாவது, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். சூடு பட்டதும் ஓட்ஸிலுள்ள ஸ்டார்ச் உப்பிப் பசையாகி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். இரண்டாவது, மாவு ஆறுவதற்குள் தேய்த்துவிட வேண்டும். ஆறினால் பசை இறுகி, விளிம்பெல்லாம் வெடிக்கும். ஆகவே ஒரே நேரத்தில் நிறையப் பிசையாமல் ஒரு வட்டத்துக்குத் தேவையானதை மட்டும் பிசைவது பழைய வழக்கம். மூன்றாவது, கொழுப்பு அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் ரொட்டி விறைத்துப் பல்லுக்குச் சிரமம் தரும். கூடினால் கையிலேயே உதிரும். நான்காவது, ரொட்டி மெல்லியதாக இருக்க வேண்டும். புளிக்க வைத்து எழுப்ப முடியாத மாவு கனமாக இருந்தால் நடுவில் ஈரம் தங்கி, வேகாத ருசி வரும்.

ஓட்ஸில் கொழுப்புச் சத்தும் கோதுமையைவிட அதிகம். அரைத்த மாவில் இந்தக் கொழுப்பு விரைவில் சிக்கு வாடை எடுத்துக் கசக்கத் தொடங்கும். அரைப்பதற்கு முன் தானியத்தைச் சூளையில் வாட்டுவது அதைத் தடுக்கத்தான். வாட்டும்போது கொழுப்பைச் சிதைக்கும் நொதிகள் செயலிழக்கின்றன. ஓட்கேக்குக்கு உரிய வறுத்த மணமும் அங்கேயே பிறக்கிறது.

எந்தப் பதத்தில் அரைத்தது?

உமி நீக்கிய ஓட்ஸை உடைத்தால் குருணை. அதை மேலும் அரைத்தால் பெரிய ரவை, நடுத்தர ரவை, மாவு என்று படிப்படியாக வரும். ஓட்கேக்குக்கு ஏற்றது நடுத்தர ரவை. அதோடு கொஞ்சம் மாவு கலந்தால் நன்றாகச் சேரும். கொஞ்சம் குருணை கலந்தால் கடிக்கும்போது கரகரப்பு கூடும்.

இந்தியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது, ஆவியில் வேக வைத்து அவலாகத் தட்டிய ஓட்ஸ். மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, பாதி ரவையாகவும் பாதி மாவாகவும் இருக்கும்போது நிறுத்தினால் அதுவே போதும். மசாலா கலந்த உடனடி ஓட்ஸ் இதற்கு உதவாது. சுடுவதற்குக் கனமான இரும்புத் தோசைக்கல் சரியாக இருக்கும்.

கல்லில் சுடும் பழைய முறை

நான்கு துண்டுகளுக்கு நடுத்தர ஓட்ஸ் ரவை 125 கிராம், உப்பு கால் டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை, உருக்கிய கொழுப்பு 2 டீஸ்பூன், கொதிநீர் 60 முதல் 75 மில்லி வரை தேவை. அந்தக் காலத்தில் பன்றிக்கொழுப்பு அல்லது இறைச்சி வறுத்தபோது வடிந்த கொழுப்பைச் சேர்த்தார்கள். வெண்ணெயும் நெய்யும் அந்த இடத்தை நிரப்பும்.

ரவை, உப்பு, சோடா மூன்றையும் கலந்து, நடுவில் குழித்து, கொழுப்பையும் முக்கால் பங்கு வெந்நீரையும் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் அழுத்தி உருட்டிப் பார்க்கலாம். உருண்டை உடைந்தால் இன்னும் கொஞ்சம் நீர் விட வேண்டும். ஓட்ஸ் நீரை மெதுவாக உறிஞ்சும் என்பதால் தொடக்கத்தில் மாவு சற்றுத் தளர்வாகத் தெரிவதே நல்லது.

பலகையில் ஓட்ஸ் மாவைத் தூவி, உருண்டையை முதலில் உள்ளங்கையால் தட்டி, பிறகு கட்டையால் சுமார் 18 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கனம் 4 மில்லிமீட்டர் இருக்கலாம். கைப்பழக்கம் தேவைப்படும் இடம் இதுதான். கட்டையை ஒவ்வொரு முறை உருட்டும்போதும் விளிம்பில் சிறு வெடிப்புகள் தோன்றும். ஒரு கையால் வட்டத்தைத் திருப்பிக்கொண்டே, மறு கையின் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த வெடிப்புகளைக் கிள்ளி மூட வேண்டும். பெரிதாகப் பிளந்த பிறகு மூடினால் ஒட்டாது. மேற்பரப்பில் மாவைத் தேய்த்துவிட்டு, வட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி நான்கு துண்டாக்கினால் சுடுவதற்குத் தயார்.

கல்லில் எண்ணெய் தேவையில்லை. கொஞ்சம் மாவைத் தூவினால் அது உடனே கருகாமல் மெல்லப் பழுப்பேறும் அளவுக்குச் சூடு இருக்க வேண்டும். துண்டுகளை இட்டு மிதமான தீயில் வைத்தால், ஈரம் போகப் போகக் கூர்முனைகள் மேல்நோக்கிச் சுருளும். அடிப்பக்கம் வெந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பழங்காலத்தில் அதற்குப் பிறகு திருப்பிப் போடுவதில்லை. அடுப்பின் முன் ஒரு தாங்கியில் சாய்த்து நிறுத்தி, தணல் வெக்கையில் மேல்பக்கத்தை உலர்த்தினார்கள். இன்றைய சமையலறையில் துண்டுகளைக் கவனமாகத் திருப்பித் தணிந்த தீயில் சில நிமிடங்கள் வைக்கலாம்; அல்லது 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் கால் மணி நேரம் உலர்த்தலாம். நிறம் அதிகம் மாற வேண்டியதில்லை. வெளிறிய மண் நிறமும் நொறுங்கும் பதமும் வந்தால் போதும்.

ஓவனில் சுடும் முறை

இன்று பெரும்பாலான வீடுகளில் ஓட்கேக் ஓவனில்தான் வேகிறது. நிறையச் செய்வதற்கும் இதுவே வசதி. அரைத்த ஓட்ஸ் 200 கிராமுடன் முழுக் கோதுமை மாவு 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன் கலந்து, 50 கிராம் வெண்ணெயை விரல் நுனிகளால் பிசிற வேண்டும். பிறகு 70 மில்லி அளவுக்கு வெந்நீர் விட்டுச் சேர்த்து, தேய்த்து, டம்ளர் வாயால் சிறு வட்டங்களாக வெட்டி, 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுடலாம். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போட்டால் அடிப்பக்கத்தில் ஈரம் தங்காது. கோதுமை மாவு சேர்வதால் இழுவை வந்து தேய்ப்பது எளிதாகிறது. ஆனால் ஓட்ஸின் கரகரப்பு கொஞ்சம் குறையும்.

இங்கிலாந்தின் மென்மையான ஓட்கேக்

ஸ்டோக் ஆன் ட்ரென்ட் நகரைச் சுற்றிய ஸ்டாஃபர்ட்ஷர் பகுதியில் ஓட்கேக் என்றால் வேறு பண்டம். அது மடித்துச் சுருட்டக்கூடிய, ஈஸ்ட் விட்டுப் புளிக்க வைத்த மாவில் வார்ப்பது. பீங்கான் தொழிற்சாலைகள் நிறைந்த அந்த ஊரில் வீடுகளின் ஜன்னல் வழியாகவே இதைச் சுட்டு விற்றார்கள். ஸ்டோக்கின் ஹேன்லி பகுதியில் அப்படி ஜன்னலில் விற்ற கடைசிக் கடை 2012-இல் மூடப்பட்டது. ஆயினும் அந்த வட்டாரத்தில் ஓட்கேக் கடைகள் தொடர்ந்து நடக்கின்றன.

நைசாக அரைத்த ஓட்ஸ் மாவு 225 கிராம், கோதுமை மாவும் மைதாவும் கலந்து 225 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், உலர் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை ஒரு டீஸ்பூன் ஆகியவற்றை, பாலும் நீரும் சேர்ந்த வெதுவெதுப்பான கலவை 850 மில்லியில் கரைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கி நுரைக்கும். லேசாக எண்ணெய் தடவிய கல்லில் வார்த்தால் மேலே துளைத் துளையாக வரும். திருப்பிப் போட்டு எடுக்கலாம். உள்ளே சீஸும் வறுத்த பன்றி இறைச்சியும் வைத்து மடித்துக் காலை உணவாகச் சாப்பிடுவது அவ்வூர் வழக்கம்.

யார்க்‌ஷரிலும் லங்காஷரிலும் கரைத்த மாவைக் கல்லின் மீது வீசி, நீள்வட்டமாகச் சுட்டார்கள். பிறகு உத்தரத்திலிருந்து தொங்கும் சட்டத்தின் கயிறுகளில் துணிபோலப் போட்டு உலர்த்தினார்கள்.

இன்றைய மாற்றங்கள்

ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு ஓட்கேக்கைக் கொண்டுசென்றார்கள். அங்கே நாட்டுச் சர்க்கரையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்து, அது பிஸ்கட் போன்ற இனிப்புப் பண்டமாகிவிட்டது.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் அடிப்படை மாவை வைத்துக்கொண்டு பல வகைகளை உருவாக்கலாம். வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் பால் பொருள் தவிர்ப்பவர்களும் சாப்பிடலாம். எள், சூரியகாந்தி விதை, பூசணி விதை, பொடித்த மிளகு ஆகியவை சுவை கூட்டும். ஆனால் 200 கிராம் ஓட்ஸுக்கு இரண்டு மூன்று டேபிள்ஸ்பூனுக்கு மேல் விதை போனால் மாவு பிளக்கத் தொடங்கும். துருவிய சீஸ் சேர்க்கும்போது அதிலேயே கொழுப்பும் உப்பும் இருப்பதால் வெண்ணெயையும் உப்பையும் குறைக்க வேண்டும். சர்க்கரை சேர்த்தால் சீக்கிரம் நிறம் ஏறும். சூட்டைக் குறைத்தே சுட வேண்டும்.

குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் சாதாரண ஓட்ஸை நம்பக் கூடாது. வயலிலும் ஆலையிலும் கோதுமையோ பார்லியோ அதில் கலந்துவிடும். குளூட்டன் இல்லை என்று சான்று பெற்ற ஓட்ஸை மட்டும், மருத்துவரிடம் கேட்டு, உண்ண வேண்டும். அவர்களில் மிகச் சிலருக்கு ஓட்ஸிலுள்ள அவெனின் என்ற புரதமே ஒத்துக்கொள்வதில்லை.

உடலுக்குத் தருவது

ஓட்ஸின் சிறப்பு பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. குடலில் இது கூழாகிப் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை மீண்டும் உண்டாக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். ஓட்ஸ் இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதித்தது. சுமார் 75 கிராம் ஓட்ஸில் அந்த 3 கிராம் கிடைக்கும். இந்தப் பலன் ஓட்ஸுக்கு உரியது என்பதால், வெண்ணெயும் சர்க்கரையும் நிறையச் சேர்த்த வகைகளை அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

சாப்பிடுவதும் சேமிப்பதும்

க்ரௌடி என்ற மென்மையான பாலாடைக்கட்டி, புகையூட்டிய மீன், வெண்ணெய், தேன், பழ ஜாம் எதுவும் ஓட்கேக்குக்குப் பொருந்தும். சூப்புடன் கடித்துக்கொள்ளலாம். உப்புத் தூக்கலான சீஸும் இனிப்பான பழமும் சேர்ந்தால் தானியத்தின் மணம் நன்றாக எடுபடும்.

மொறுமொறுப்பான ஓட்கேக்கின் எதிரி காற்றிலுள்ள ஈரம். முன்பு ஸ்காட்லாந்து வீடுகளில் ஓட்ஸ் மாவு நிரப்பிய மரப்பெட்டிக்குள்ளேயே ஓட்கேக்கைப் புதைத்து வைத்தார்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இப்போது முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். நமத்துப் போனால் 150 டிகிரி ஓவனிலோ தணிந்த தீயில் கல்லிலோ சில நிமிடம் வாட்டினால் மொறுமொறுப்புத் திரும்பும். ஸ்டாஃபர்ட்ஷர் வகையைச் சுட்ட அன்றே சாப்பிட வேண்டும், அல்லது இடையிடையே காகிதம் வைத்து ஃப்ரீசரில் அடுக்கி, தேவைப்படும்போது கல்லில் சூடாக்கிக்கொள்ளலாம்.