கல்வி எதன்பொருட்டு?



ஆறாம் ஆண்டு மாணவர்கள் 1988ஆம் ஆண்டு முதற்கொண்டு எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். சோதனையை அரசாங்கம் 2021ஆம் ஆண்டில் நீக்கியதை யாவரும் அறிவீர்கள். அதன்பின் நிகழ்ந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஒரு தாயார் எழுந்து, "சோதனையே இல்லையென்றால் என் பிள்ளை எதற்காகப் படிக்க வேண்டும், ஐயா?" என்று வினவினார். கூடியிருந்தோருள் சிலர் நகைத்தனர். எனக்கோ நகைப்பு வரவில்லை. 'ஏ' பெறுவதற்காகப் படி, 'ஏ' பெறுவதற்காகப் படி என்று ஆண்டுக்கணக்கில் நாமே அவருக்குச் சொல்லிவந்தோம். சோதனை போனதும் காரணமும் போயிற்று என அவர் கருதியதில் வியப்பென்ன? பேரறிஞர்கள் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டு ஆராய்ந்த வினா அது.

நம் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள். தோட்டத்தில் ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் முதலாளி பள்ளி அமைத்துத் தரவேண்டும் என மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்தின்பொருட்டுப் பள்ளிகள் எழுந்தன. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்ற பின், பிள்ளை வெட்டுக் கத்தியைக் கையிலெடுத்தான். பால் வெட்டுபவன் மகன் பால் வெட்டுபவனாகவே இருப்பதற்கு அவ்வளவு கல்வி போதும் என்பது அன்றைய கணக்கு. கல்வி எதன்பொருட்டு என்னும் வினாவுக்கு விடையை வேறு எவரோ முன்னரே எழுதி வைத்துவிட்டனர்.

இனி, ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டில் நிகழ்ந்ததாகப் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலைக் கூறுகிறேன். 'மெனோ' என்பது அந்நூலின் பெயர். மெனோ என்னும் செல்வன் வீட்டு அடிமைச் சிறுவன் ஒருவனைச் சாக்ரடீசு அருகே அழைக்கிறார். அவன் கணக்குக் கற்றவன் அல்லன். தரையில் இரண்டு அடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்றை வரைகிறார். அதன் பரப்பளவு நான்கு சதுர அடி. "இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும். அதன் பக்கம் எவ்வளவு?" என்று கேட்கிறார். இரு மடங்குதானே, நான்கு அடி என்கிறான் சிறுவன். வரைந்து பார்த்தால் எட்டுக்குப் பதிலாகப் பதினாறு வருகிறது! அப்படியாயின் மூன்று அடி என்கிறான். ஒன்பது வருகிறது. சிறுவன் திகைத்து நிற்கிறான். தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

இவ்விடத்தில்தான் சாக்ரடீசு மெனோவைப் பார்த்து, முன்னர் இவன் தெரியாததைத் தெரியும் என எண்ணியிருந்தான், இப்பொழுது தெரியாது என்பதை அறிந்துகொண்டான், இதனால் இவனுக்குத் தீங்கு நேர்ந்ததா என்று கேட்கிறார். நம் வகுப்பறைகளில் பிள்ளை திகைத்து நிற்கும் அந்த நொடியில் நாம் என்ன செய்கிறோம்? விடையைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். அல்லது பிரம்பைத் தேடுகிறோம். (நானும் தேடியவன்தான்.) சாக்ரடீசு இரண்டையும் செய்யவில்லை. மேலும் வினவினார். முதற் சதுரத்தைப் போன்ற நான்கைச் சேர்த்தால் பதினாறு. ஒவ்வொன்றையும் மூலைவிட்டத்தால் இரு பாதியாக வெட்டினால், நடுவே சாய்ந்த சதுரம் ஒன்று தோன்றுகிறது. அதில் நான்கு பாதிகள் உள்ளன, ஒரு பாதி இரண்டு சதுர அடி, ஆகவே எட்டு. விடை மூலைவிட்டம்! சிறுவன் தன் வாயாலேயே அதைச் சொன்னான்.

'கல்' என்னும் வினைக்குத் தோண்டுதல் என்றும் ஒரு பொருள் தமிழில் உண்டு. வெளியிலிருந்து ஊற்றுவதன்று, உள்ளிருப்பதைத் தோண்டி எடுப்பது. சாக்ரடீசு செய்ததும் அதுவே. பிளேட்டோவின் மாணவராகிய அரிஸ்டாட்டிலோ, அடிமைக்கு ஆராய்ந்து முடிவு காணும் ஆற்றலே இல்லை என்று பின்னர் எழுதினார். தம் ஆசிரியர் நூலில் வரும் அச்சிறுவனை அவர் எப்படி மறந்தாரோ!

ஆயினும் ஒரு குறை என் நெஞ்சை உறுத்துகிறது. அச்சிறுவனின் பெயரைப் பிளேட்டோ குறிப்பிடவில்லை. கணக்கு முடிந்ததும் அவன் அடிமையாகவே தன் வேலைக்குத் திரும்பியிருப்பான். அறிவை எழுப்பிவிட்டு வாழ்வை இருந்தபடியே விடுவது அரைக் கல்வி. வாழ்வை உயர்த்தும் சான்றிதழைத் தந்துவிட்டு அறிவை உறங்கவிடுவதும் அரைக் கல்வியே. நம் நாட்டின் தேசியக் கல்வித் தத்துவம் 1988ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபோது, அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் ஆகியவை சமநிலையில் வளரவேண்டும் என்றது. சுவரில் அதை மாட்டி வைத்திருக்கிறோம். அதே ஆண்டில் பிறந்த யூ.பி.எஸ்.ஆர். தாளையே கையில் பிடித்திருந்தோம்.

என் தந்தையார் பால் வெட்டுத் தொழிலாளி, எழுத்தறியாதவர். பால் நிறுக்கும் இடத்தில் எடையோடு மெட்ரோலாக் கருவியின் அளவையும் பார்த்துக் கிராணி ஓர் எண்ணைக் குறிப்பார். அந்த எண்தான் கூலி. ஐந்தாம் வகுப்பில் விழுக்காடு கற்ற நான் ஒருநாள், இருபது கிலோ பாலில் முப்பது விழுக்காடு ரப்பர் என்றால் ஆறு கிலோ வரவேண்டுமே, ஏன் ஐந்து என எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கிராணி என்னை விரட்டினார்; எண்ணை மட்டும் திருத்தினார். வீடு திரும்பும் வழியெல்லாம் தந்தையார் பேசவில்லை. அஞ்சினாரா, மகிழ்ந்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. படிக்கட்டில் வாளியை இறக்கி வைத்த பின், "அந்தக் கணக்கை எனக்கும் காட்டு" என்றார். அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கடியில் நான் ஆசிரியனானேன்.

இன்று அந்த ரப்பர்க் காடு செம்பனையாகிவிட்டது; லயமும் இல்லை. கேள்வி கேட்ட அந்தத் தாயார் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். வீட்டுப் பாடத்தில் உதவத் தமக்குப் படிப்பில்லையே என்று வருந்தினார். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்றோர் அதிகாரம் வைத்ததை அவரிடம் எடுத்துரைத்தேன். நூல் கல்லாதவரும் செவியால் கற்கலாம் என்பது அதன் கருத்து.

பின்னர் வெண்கட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். பெற்றோர்களே, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். இன்றிரவு வீட்டு முற்றத்தில் இரண்டு அடிச் சதுரம் ஒன்றை வரைந்து, இதைப்போல் இரு மடங்கு வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். நான்கு அடி என்று சொன்னால், தவறு என்று சொல்லாதீர்கள். வெண்கட்டியை அவனிடமே கொடுத்து, வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.