வீட்டு அலாரம் சும்மா சும்மா கத்துதா? அணைக்காதீங்க, எழுதி வையுங்க!



திருட்டு பயத்துக்காக அலாரம் மாட்டிய வீடுகளும் கடைகளும் நம் செய்யூர் பக்கத்திலும் இருக்கின்றன. வீட்டு ஆண்கள் வெளியூரில் வேலை செய்ய, பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அது ஒரு தைரியம். ஆனால் கூட்டங்களில் நாங்கள் கேட்கும் புகார் இது: "நடுராத்திரியில கத்துது, போய்ப் பார்த்தா யாருமில்ல. மெக்கானிக் வந்தா நல்லா வேலை செய்யுது. அவர் போனதும் மறுபடியும் கத்துது."

தொல்லை தாங்காமல் பலர் சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காத வீட்டிலோ, 'புலி வருது' கதை மாதிரி, சத்தம் கேட்டாலும் அக்கம்பக்கத்தார் எழுந்து வருவதில்லை. கடைசியில் "பெட்டியே போச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார்கள். பெரும்பாலும் பெட்டி போயிருக்காது. விட்டு விட்டு வரும் கோளாறுக்கும் காரணம் உண்டு. அது எப்போது வருகிறது என்று கவனித்தால் காரணம் பிடிபடும்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது?

கதவில் காந்த சுவிட்ச், கூடத்தில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒயர் கன்ட்ரோல் பேனலுக்கு வருகிறது. ஒவ்வொரு ஒயர் வழியையும் 'ஜோன்' என்பார்கள். கதவு மூடியிருக்கும்வரை அந்த ஒயரில் சிறிதளவு கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அது தடைபட்டால் சைரன் கத்தும். திருடன் கதவைத் திறந்தாலும், ஒரு ஸ்க்ரூ லூசானாலும் பேனலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரு நோட்டு போடுங்க

குழுவுக்கு வரவு செலவு எழுதுவது போல இதற்கும் ஒரு நோட்டு. கத்தும் ஒவ்வொரு முறையும் ஐந்து விஷயம் எழுதுங்க: தேதி, நேரம், எந்த ஜோன் விளக்கு எரிந்தது, கரண்ட் இருந்ததா, மழையா காற்றா. மோட்டார் ஓடியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்க. இரண்டு வாரம் எழுதினாலே ஒரு கணக்கு தெரியும்.

நோட்டு என்ன சொல்லும்?

1. கரண்ட் போகும்போதோ வரும்போதோ கத்தினால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படுங்க. பல பேனல்களில் 12 வோல்ட் பேட்டரி உள்ளே இருக்கும். மூன்று முதல் ஐந்து வருஷத்தில், வெப்பமான இடத்தில் அதற்கும் முன்பே, அது வலுவிழக்கும்.

2. மழையிலும் விடியற்காலைப் பனியிலும் கத்தினால் ஒயர் இணைப்பில் ஈரம். நம்முடையது உப்பளக் காற்று அடிக்கிற ஊர். செம்புப் பாத்திரத்தில் ஏறுவது போல ஒயர் முனையிலும் பச்சைக் களிம்பு ஏறும். முறுக்கி டேப் ஒட்டிய இடங்கள்தான் முதலில் கெடும். 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் போன்ற புயலுக்குப் பிறகு, வெளியே மாட்டிய சைரனையும் திறந்து பார்க்கச் சொல்லுங்க.

3. காற்று அடிக்கும்போது கத்தினால் கதவு ஆடுகிறது. மரக்கதவு மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதனால் காந்தத்துக்கும் சுவிட்சுக்கும் இடைவெளி கூடிவிடும்.

4. மோட்டார் போடும்போது கத்தினால் மோட்டார் ஒயரும் அலாரம் ஒயரும் ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்க.

5. கூடத்து ஜோன் மட்டும் கத்தினால் சென்சார் மேல் பல்லி, சிலந்தி, அல்லது நேரடி வெயில் காரணமாக இருக்கலாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்க.

6. எல்லா ஜோனும் ஒன்றாகக் கத்தினால் பேனலுக்கு வரும் கரண்ட், பொதுவான ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேளுங்க

நோட்டைக் காட்டி, "கத்துற ஜோன் ஒயரையும் நல்லா இருக்கிற ஜோன் ஒயரையும் இடம் மாத்திப் போட்டுப் பாருங்க" என்று சொல்லுங்க. ஒரே வகை ஜோன்களாக இருக்கட்டும். கோளாறு ஒயரோடு இடம் மாறினால் ஒயரிலோ சென்சாரிலோ தப்பு. பேனல் நல்லா இருக்கு. பழைய நம்பரிலேயே நின்றால்தான் பேனலைச் சந்தேகிக்கணும். இதைப் பார்க்காமல் புதுப் பெட்டிக்குப் பணம் கொடுக்காதீங்க.

சரியாகும்வரை முழு அலாரத்தையும் அணைக்க வேண்டாம். கெட்ட ஜோனை மட்டும் விலக்கி வைக்கச் சொல்லுங்க. மற்ற கதவுகளுக்குக் காவல் இருக்கும். விலக்கிய கதவுக்கு உள்தாழ்ப்பாளும் பூட்டும் போடுங்க.

கவனம்

பேனல் பெட்டியை நீங்களே திறக்காதீங்க. உள்ளே 230 வோல்ட் வருகிறது. மெயினை அணைத்தாலும் பேட்டரி உயிரோடு இருக்கும். பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் உண்டு. குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்க.

மாதம் ஒரு நாள், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, மெயின் கரண்டை அணைத்துச் சைரனைக் கொஞ்ச நேரம் கத்தவிடுங்க. சத்தம் தேய்ந்தால் பேட்டரி மாற்றும் நேரம் வந்தாச்சு. அந்தத் தேதியையும் நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.