சித்தி வீட்டுக் கம்ப்யூட்டர்

"வாய்யா, நல்ல சமயத்திலே வந்தே! இந்தப் பெட்டிக்கு ஆயுசு முடிஞ்சு போச்சாமே!" என்றாள் கோவில்பட்டிச் சித்தி. நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சித்திக்கு வீட்டோடு கடலைமிட்டாய் வியாபாரம். (2020-ல் புவிசார் குறியீடு பெற்றதே, அதே மிட்டாய்தான்.) வெளியூர் ஆர்டர், பாங்குக் கணக்கு எல்லாம் கூடத்து மூலையிலுள்ள பழைய கம்ப்யூட்டரில்தான். அதில் இருப்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு அதற்கு ஆதரவு நின்றது. "புதிசு வாங்கிடுங்க" என்றாராம் கடைக்காரர். சொல்லுவதற்கென்ன, பணம் சித்தியுடையதுதானே!

ஆதரவு நின்றால் பெட்டி நின்றுவிடாது. நேற்றுப் போலவே இன்றும் ஓடும். நின்று போவது மராமத்து. கரிசல் சீமையில் இதை விளக்குவது சுலபம். கண்மாய்க் கரையில் நண்டு வளை தோண்டும். ஆள் விட்டு அடைத்து வந்தால் கரை நிற்கும். ஆள் வராத வருஷமும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும், பெருமழை பெய்கிற வரையில்! விண்டோஸிலும் இப்படித்தான் புதுப்புது ஓட்டைகள் கண்ணில் படுகின்றன. மாதாமாதம் கம்பெனி அடைக்கிறது. பழைய பதிப்பை அது கைவிட்ட பிறகு, அந்த ஓட்டைகளைத் தேடி வருகிறவன் திருடன் ஒருவன்தான்.

2017 மே மாதம் அந்தப் பெருமழை பெய்தது. 'வான்னாக்ரை' என்ற விஷமம் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள்கூடத் தப்பவில்லை. ஆதரவிலிருந்த விண்டோஸ்களுக்கு மார்ச் மாதமே அடைப்பு வந்திருந்தது. போடாதவர்கள் அகப்பட்டுக் கொண்டார்கள். 2014 ஏப்ரல் 8-ல் கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கோ, ரகளை தொடங்கிய பிறகுதான் பொதுவில் கொடுத்தார்கள்.

"அப்போ என்னதான் செய்ய?" என்றாள் சித்தி.

விண்டோஸ் 11 போடலாமென்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் சித்தியின் பெட்டியில் இல்லை. வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்கும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தவணை, தவணைதானே!

இன்னொரு வழி லினக்ஸ். காசு கிடையாது, பழைய பெட்டியிலும் நன்றாகவே ஓடும். எக்ஸ்பி நின்ற 2014-ல் தமிழக அரசே தன் இலாகாக்களை 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது. அது ஸீடாக் நிறுவனத்தார் தயாரித்தது, தமிழும் தெரியும். ஆனால் சித்தியின் கணக்கு இருப்பது டாலியில். டாலி விண்டோஸுக்கென்று செய்தது, லினக்ஸில் நேராக ஓடாது. இந்த விஷயத்தைச் சொல்லாமல் லினக்ஸ் புகழ் பாடுகிறவர்களை நம்பாதீர்கள்.

முடிவில் சித்தியேதான் யோசனை கண்டுபிடித்தாள். கணக்குகளை முதலில் இரண்டு நகல் எடுத்தோம். பழைய பெட்டி டாலிக்கு மட்டும், இன்டர்நெட் கிடையாது. பரணில் கிடந்த மகளின் பள்ளிக்கூட லாப்டாப்பில் லினக்ஸ் ஏற்றி, ஆர்டரும் பாங்கும் அதில். ஏற்ற ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டத்தான் அரை நாள்!

கம்ப்யூட்டரில் செருகியிருந்த இன்டர்நெட் ஒயரைச் சித்தி தன் கையாலேயே பிடுங்கினாள். "இனிமே இதுக்குள்ளே எந்த நண்டு வருதுன்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் காப்பி போட உள்ளே போனாள்.