கறையும் கதை சொல்லும்

1940ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வான்வெளியைக் காத்த போர் விமானங்களுள் ஸ்பிட்ஃபயர் ஒன்று. இறக்கையின் ஒரு நுனி முதல் மறு நுனி வரை அதன் அகலம் ஏறத்தாழ 37 அடி. 72இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியிலோ, அது 6 அங்குலத்தைச் சிறிதே கடக்கும்.

மாதிரி செய்வோர் உறுப்புகளை ஒட்டி, பொருத்துவாய்களைத் தேய்த்துச் சமன் செய்து, மேற்புறத்தில் பச்சையும் பழுப்பும் தீட்டுவர். மேலே பறக்கும் பகைவர்க்கு விமானம் நிலத்தோடு நிலமாய்த் தோன்றுதற்கே அவ்வண்ணங்கள் அமைந்தன.

இறுதியில், விமானம் உழைத்துத் தேய்ந்த தோற்றத்தை ஊட்டுவர். எஞ்சின் புகைக்குழாய்களின் பின்னே கரி படிய வேண்டும். விமானியும் பணியாளரும் மிதித்தேறிய இடத்தில், உடலோடு இறக்கை கூடுமிடத்தில், வண்ணம் தேய்ந்திருக்க வேண்டும். காரணம் அறியாது இட்ட கறை வெறும் அழுக்கே. அறிந்து இட்ட கறையோ, அங்கு உழைத்த மாந்தரின் அடிச்சுவடாம்.