கார்டு எரர் காட்டும் இரவு

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்குக் கல்யாண வேலையும் உண்டு, கம்பெனி வேலையும் உண்டு. முகூர்த்த நாட்களில் விடியற்காலையிலேயே மண்டபத்தில் நிற்க வேண்டும். மற்ற நாட்களில் சிப்காட்டிலிருந்தும் காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்தும் அழைப்பு வரும்: ஆயுத பூஜை, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம், புது இயந்திரத்தைக் கிரேனில் இறக்கும் நாள். மாங்கல்யதாரணத்தை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாது. பீடத்தில் உட்கார்ந்துவிட்ட இயந்திரத்தை மறுபடி தூக்கிக் காட்டுங்கள் என்றும் கேட்க முடியாது.

அப்படிப்பட்ட ஒரு வேலைக்கு முந்தைய இரவு, பையை அடுக்கும்போது கேமரா கார்டை ஏற்க மறுக்கிறது. கேனனில் ‘எர்ர் 02’ வரும். நிக்கானில் ‘சிஎச்ஏ’ என்று மின்னும். புதுக் கார்டு வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குத்தான் போக வேண்டும்; அதுவோ பல கிலோமீட்டர் தள்ளி, ஷட்டர் இறக்கிக் கிடக்கும். பதற்றத்தில் பலரும் செய்வது, உடனே ஃபார்மட் கொடுப்பது. படங்கள் போவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தக் கார்டில் இன்னும் காப்பி எடுக்காத படம் இருக்கிறதா? இருந்தால், நாளைய வேலைக்கு அந்தக் கார்டு கிடையாது என்று அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய லாக்கைக் கீழே தள்ளித் தனியே எடுத்து வையுங்கள். கணினியில் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். படம் அழிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பல சமயங்களில் கெட்டுப்போயிருப்பது எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டுமே. கார்டில் புதிதாக எதுவும் எழுதாதவரை படம் இருந்த இடத்திலேயே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஃபோட்டோரெக் மென்பொருள் அந்த அட்டவணையை நம்பாமல் கார்டை முழுக்கத் துழாவிப் படங்களைத் திரட்டித் தரும். திரட்டியதை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். எந்த ரீடரிலும் கார்டு தெரியவே இல்லை என்றாலோ, தொட்டால் சுடுகிறது என்றாலோ, மென்பொருளால் பயனில்லை; தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

கார்டு காலி என்றால் பயமில்லாமல் ஆராயலாம். கேமராவை அணைத்துவிட்டுக் கார்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். லாக் தளர்ந்திருந்தால், ஸ்லாட்டில் நுழையும்போதே உராய்ந்து கீழே இறங்கிவிடும். கேமராவும் ‘கார்டு லாக்’ என்று சொல்லும். மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டரை. கும்மிடிப்பூண்டியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. அங்கே இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் நிறைய. அந்தப் பட்டறைகளின் தூசியில் இரும்புத் துகள் கலந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும். உலைக்குப் பக்கத்தில் நின்று கார்டு மூடியைத் திறப்பது ஸ்லாட்டுக்குள் அந்தத் துகளை வரவேற்பதுதான். கார்டு மாற்றுவதை அலுவலக அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். ரப்பர் ப்ளோயர் போதும். தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைக்கலாம்.

அடுத்து, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதே கேமராவில் வேறு கார்டு, வேறு கேமராவில் அதே கார்டு. எல்லாக் கார்டுக்கும் எரர் வந்தால் கோளாறு ஸ்லாட்டில். இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நல்ல கார்டைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

கோளாறு கார்டில்தான் என்றால், காலிக் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஒவ்வொரு படமாக அழிப்பதும் ஃபார்மட்டும் ஒன்றல்ல. இதற்கு நாசாவின் ஸ்பிரிட் ஊர்தியே சாட்சி. அது 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. 21ஆம் தேதி திடீரென்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் கணினி தன்னைத்தானே அறுபது முறைக்கு மேல் மறுபடி மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. காரணம், அதிலிருந்த 256 எம்பி ஃபிளாஷ் நினைவகம். பயணத்தின்போதே சேர்ந்த கோப்புகளும் தரையிறங்கிய பின் வந்தவையுமாக அட்டவணை வீங்கிவிட்டது. கோப்புகளை அழித்தாலும் அட்டவணை சுருங்கவில்லை. பொறியாளர்கள் ஃபிளாஷைத் தொடாமல் கணினியைத் தொடங்கவைத்து, தேவையான தரவைக் காப்பாற்றிக்கொண்டு, பிப்ரவரித் தொடக்கத்தில் ஃபார்மட் செய்தார்கள். அதன் பிறகு ஸ்பிரிட் 2010 வரை உழைத்தது. அவர்கள் பின்பற்றிய வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நிலைமை மேலும் மோசமாகாமல் நிறுத்தினார்கள், பிறகு தரவு, கடைசியில்தான் ஃபார்மட்.

ஃபார்மட் முடிந்து நான்கு படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவதை நான் ஏற்கமாட்டேன். கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்க வேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். 64 ஜிபி கார்டுக்கு, நல்ல ரீடர் இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போலிக் கார்டும் இதில்தான் மாட்டும். மேலே 256 ஜிபி என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது அதில் ஒரு பங்குதான். கேமராவுக்குப் பொய்க் கணக்குச் சொல்லும்படி உள்ளிருக்கும் சிப்பை மாற்றியிருப்பார்கள். நலங்கு வரை படம் சரியாக இருக்கும். உண்மையான இடம் தீர்ந்ததும் அதன் பிறகு எழுதியதெல்லாம் பாழ்.

ஃபார்மட் வெற்றி என்று காட்டிவிட்டு, மறுபடி செருகும்போது பழைய படங்கள் அப்படியே தெரிகின்றனவா? கார்டின் ஆயுள் முடிந்தது. ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லும் குறிப்பிட்ட முறைதான் எழுதி அழிக்கத் தாங்கும். பழுதான பகுதிகளுக்குப் பதிலாக வைத்திருந்த உபரி தீர்ந்ததும் சில கார்டுகள் புதிதாக எழுதுவதை நிறுத்திவிடும்.

வீடியோ பாதியில் நின்றுவிடுகிறது என்பது பெரும்பாலும் வேகக் கோளாறு. கார்டின் மேல் பெரிதாக அச்சிட்ட 170, 200 எல்லாம் படிக்கும் வேகம். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்ற உறுதி, அதைப் பாருங்கள். 100 மெகாபிட்டில் பதிவாகும் 4கே வீடியோவுக்கு நொடிக்கு 12.5 மெகாபைட்தான் தேவை, வி30 தாராளம். 400 மெகாபிட் என்றால் 50 மெகாபைட். வி60 வாங்கியாக வேண்டும்.

இவ்வளவு சோதனையிலும் தேறிய கார்டாக இருந்தாலும், ஒருமுறை காரணம் தெரியாமல் எரர் காட்டியதென்றால் முகூர்த்தத்துக்கு அதை எடுத்துப்போகக் கூடாது என்பதே என் முடிவு. இரண்டு ஸ்லாட் உள்ள கேமராவில் இரண்டாவது ஸ்லாட்டை ‘நிரம்பினால் அடுத்தது’ என்று வைக்காமல், ‘இரண்டிலும் பதிவு’ என்று வையுங்கள். ஒரே ஸ்லாட்தான் என்றால் ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய கார்டுகளில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் மற்றவை மிஞ்சும்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று பேரம் பேசும்போதே, படங்கள் இரண்டு கார்டில் பதிவாகுமா என்று கேளுங்கள். அதற்காகும் கூடுதல் செலவைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். ஸ்டூடியோக்காரர்களே, கெட்ட கார்டைப் பைக்குள் திரும்பப் போடாதீர்கள். அவசரத்தில் கை அதையே எடுக்கும். கம்பெனிப் படங்கள் இருந்த கார்டாகவும் இருக்கலாம், ஆகவே இரண்டாக உடைத்தே குப்பையில் போடுங்கள்.