எரிபொருளுக்குப் புல் வளர்ப்பது கட்டுபடியாகுமா?

சாணம், பயிர்க்கழிவு முதலியவற்றிலிருந்து எடுக்கும் எரிவாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்வதற்காக, 2018 அக்டோபரில் மத்திய அரசு ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியது. இத்தகைய ஆலைகளுக்குக் கம்பு நேப்பியர் புல்லும் ஏற்றது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஊர்களின் மானாவாரி விவசாயிகள் இதில் இறங்கலாமா? கணக்குப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் இருந்தால் நேப்பியர்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ (பிஎன்) 5 ரகம் ஆண்டுக்கு ஏழு அறுப்பில் எக்டேருக்கு 360 டன், அதாவது ஏக்கருக்குச் சுமார் 145 டன் பசும்புல் தரும். ஆனால் இது இறவை மகசூல். பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசலில் இதை எதிர்பார்க்க முடியாது. பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். ஆலை தொலைவில் இருந்தால் வண்டி வாடகை அந்த நீரைச் சுமக்கவே போய்விடும்.

மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல்

மழையை நம்பிய நிலத்துக்குக் கோ 1 கொழுக்கட்டைப் புல்லே ஏற்றது. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். புதிதாக எடுத்த விதை முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் வைத்திருந்து விதைக்க வேண்டும். முதல் அறுப்பு 70-75 நாளில் வரும். மழை நன்றாக இருந்தால் ஆண்டுக்கு நாலைந்து அறுப்பில் ஏக்கருக்கு 16 டன் கிடைக்கும்.

அடுப்புக்கா, ஆட்டுக்கா?

அந்த 16 டன் காய்ந்தால் ஏறக்குறைய 4 டன்தான். எரிபொருளாகக் கிலோ 2 ரூபாய்க்கு விலைபோகும் என்று வைத்துக்கொண்டாலும் வரவு 8,000 ரூபாய். அறுப்புக்கூலி, கட்டுக்கட்டும் செலவு, வாடகை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உழவும் விதையும் இல்லாமல் வளரும் சீமைக்கருவேலும், வயலில் நிற்கும் பருத்திமாரும் இதற்குப் போட்டி.

அதே புல்லை ஆட்டுக்குப் போட்டால், நாளொன்றுக்கு 5 கிலோ வீதம் எட்டு ஆடுகளுக்கு ஓராண்டுக்குக் காணும். மழை குறைந்து மகசூல் பாதியானாலும் நாலு ஆடு நிற்கும். புழுக்கை நிலத்துக்கே திரும்பும். மிஞ்சியதைக் காயவைத்துக் கோடைக்குச் சேமிக்கலாம்.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் நேப்பியர் போட விரும்பினால், கரணை வாங்குமுன் ஆலை எவ்வளவு தொலைவு, விலை என்ன, அறுப்புக்கூலி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பெற வேண்டும். வாயு எடுத்தபின் மிஞ்சும் கழிவு நல்ல எரு. அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும்படியும் கேட்டுக்கொள்வது நல்லது. இல்லையேல் புல்லோடு நிலத்தின் சத்தும் வண்டியேறிவிடும்.